மூன்று வருஷம்தானே என்று சொல்லாதீர்கள்

ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் வட்டாரத்தில், அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் நம்மவர் வீடுகளில் ஒன்றைத் தொடர்ந்து பார்க்கிறேன். கூடத்துச் சுவரோரம், மாடிப்படிக்குக் கீழே, கார் நிறுத்தும் இடத்தில் என்று எங்காவது பிரிக்காத அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தடித்த பேனாவால் மேலே எழுதியும் இருக்கிறது: கேக் அச்சு, தையல் சாமான், பிள்ளைகள் கலர், பசை. சுமை இறக்கியவர்கள் முதல் நாள் எங்கே வைத்தார்களோ அங்கேயே இருக்கின்றன. ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "மூணு வருஷம்தானே. திரும்பவும் கட்டணும். அதுக்கு எதுக்குப் பிரிக்கணும்?"

இந்தப் பதிலைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

குடும்பத்தோடு ஜெர்மனிக்கு ஆர்டர்ஸ் வந்தால் வழக்கமான காலம் 36 மாதம். உங்கள் பணிப் பதிவேட்டில் அது ஒரு வரி. ஆறு வயதில் இங்கே வந்து இறங்கிய பிள்ளை ஒன்பது வயதில் விமானம் ஏறும்போது, வாழ்ந்ததில் மூன்றில் ஒரு பங்கை இங்கே கழித்திருக்கும். நினைவு தெரிந்த நாளிலிருந்து எண்ணினால் பாதிக்குமேல். அடுத்து வேறோர் ஊர், அங்கும் மூன்று வருஷம்தானே. ராணுவக் குடும்பத்துப் பிள்ளை பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஆறிலிருந்து ஒன்பது பள்ளிகள் மாறுகிறது என்பது நம் பள்ளிகளில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஒவ்வோர் ஊரையும் இப்படித் தள்ளி வைத்துக்கொண்டே போனால் அந்தப் பிள்ளையின் பால்யம் மொத்தத்தையும் தள்ளி வைத்துவிடுகிறீர்கள். ஓய்வு பெற்ற பிறகு டெக்சாஸிலோ வர்ஜீனியாவிலோ வாங்கப்போகும் சொந்த வீட்டில் அந்தப் பெட்டியைப் பிரித்து யாருக்குக் கேக் சுடப்போகிறீர்கள்? பிள்ளை அதற்குள் கல்லூரிக்குப் போய்விட்டிருக்கும்.

நானும் சீருடை போடுகிறவள்தான். மொழித் திறமையுள்ள வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ள அமெரிக்க ராணுவம் 2009-இல் ஒரு வழி திறந்தபோது, அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அந்த வழியாக வந்தவர்கள், கிரீன் கார்டோடு சேர்ந்தவர்கள், அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், இவர்களைக் கல்யாணம் செய்துகொண்டு கூடவே வந்தவர்கள் என்று ராம்ஸ்டைன், லாண்ட்ஸ்டூல், பௌம்ஹோல்டர் பக்கம் நாம் சிலர் இருக்கிறோம். ஏறத்தாழ 50,000 அமெரிக்கர்கள் வாழும் வட்டாரத்தில் நாம் ஒரு கைப்பிடி. காலை ஐந்தரைக்கு உடற்பயிற்சிக்கு நிற்பது, இரவுப் பணி, திடீரென்று வரும் பயிற்சி முகாம், இவையெல்லாம் எனக்கும் உண்டு. ஆகவே "உங்களுக்கென்ன, நேரம் இருக்கிறது" என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

எடையைக் காரணம் காட்டவும் வேண்டாம். ஸ்டாஃப் சார்ஜென்ட் குடும்பத்துக்கு 11,000 பவுண்டு வரை வீட்டுச் சாமான் அனுப்ப அனுமதி இருக்கிறது. கிட்டத்தட்ட ஐந்து டன். ஓடும் இயந்திரம், எழுபத்தைந்து அங்குல டிவி, யாரும் உட்காராத சோபா எல்லாம் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து சேர்ந்திருக்கின்றன. பிள்ளையின் வண்ணப் பென்சில் டப்பாவைப் பிரிக்க மட்டும் உங்களுக்கு மனம் வரவில்லை.

அடுப்படியிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் அது.

நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் ஊர் மக்ரூன் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, இந்த மூன்றுதான் சரக்கு. போர்த்துக்கீசியர் விட்டுப்போன பலகாரம் என்பார்கள். முந்திரி மரமும் அவர்களோடு பிரேசிலிலிருந்து வந்ததுதான். இங்கே வந்த முதல் டிசம்பரில் பக்கத்து வீட்டு ஜெர்மன் பாட்டி ஒரு தட்டு நிறைய பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்தார். அதில் தேங்காய்த் துருவல் போட்டு, காகிதம் போன்ற மெல்லிய வட்ட அப்பத்தின் மேல் குவித்துச் சுட்டது ஒன்று இருந்தது. கோகோஸ்மக்ரோனன் என்று பெயர் சொன்னார். என் மகள் ஒரு கடி கடித்துவிட்டு, "இது ஆச்சி ஊர்ல வாங்குறதும்மா" என்றாள். முந்திரிக்குப் பதில் தேங்காய் என்பதைத் தவிர அவள் சொன்னது சரி. நிலப்படத்தை எடுத்து வைத்து, போர்ச்சுகல் எங்கே, தூத்துக்குடி எங்கே, நாம் எங்கே என்று அன்று சாயங்காலம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். பள்ளிப் புத்தகம் எதுவும் அவளை அவ்வளவு நேரம் உட்கார வைத்ததில்லை.

இப்போது எங்கள் வீட்டில் மக்ரூன் போடுவது பிள்ளைகளின் வேலை. முட்டையை உடைத்து மஞ்சளையும் வெள்ளையையும் பிரிப்பவன் சின்னவன். மஞ்சள் ஒரு சொட்டு விழுந்தாலும் வெள்ளை நுரைக்காது. எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்திலும் நுரைக்காது. அதை நான் சொல்லி அவன் தெரிந்துகொள்ளவில்லை. விழ விட்டான், அடித்துப் பார்த்தான், நுரைக்கவில்லை, தெரிந்துகொண்டான். மஞ்சள் கலந்துபோன முட்டையெல்லாம் ராத்திரி ஆம்லெட்டாகப் போனது. சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், மொத்தமாகக் கொட்டினால் நுரை அமுங்கிவிடும். கரண்டியைத் தூக்கினால் முனை மடங்காமல் நிற்க வேண்டும். பிறகு முந்திரிப்பொடியை நுரை சாகாமல் மெதுவாகப் புரட்டிக் கலந்து, வெண்ணெய்த்தாளைக் கூம்பாகச் சுருட்டி அதன் வழியே பிழிய வேண்டும். சூடு 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே. சுடுவதைவிடக் காய வைப்பது என்று சொன்னாலும் தப்பில்லை. இரண்டு மணி நேரம் போல அடுப்பில் இருந்து, அணைத்த பின்பும் உள்ளேயே ஆற வேண்டும். இந்த ஊர் ஈரக்காற்றில் வெளியே வைத்தால் அரை மணியில் பிசுபிசுத்துவிடும், உடனே டப்பாவில் அடைக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொறுமையைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஏப்ரல் மாதம் ராணுவக் குழந்தைகளின் மாதம். 1986-இல் அன்றைய பாதுகாப்புச் செயலர் காஸ்பர் வைன்பெர்கர் ஏற்படுத்தியது. எல்லாப் படைப் பிரிவுகளின் நிறங்களும் கலந்தது ஊதா என்று அந்த மாதத்தில் பிள்ளைகள் ஊதாச் சட்டை போடுகிறார்கள். வீட்டுக்கு வீடு ஊதா கப்கேக். அதை யார் செய்கிறார்கள்? பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு நள்ளிரவு வரை நீங்கள் தனியாக நின்று, ஒரே அளவில் ஒரே சுழியில் கிரீம் பிழிந்து, விடிந்ததும் படம் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டுப் பள்ளிக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். பிள்ளை மாவைத் தொட்டதா? "கையை எடு, கெடுத்துடுவே" என்று சொல்லித்தானே வெளியே அனுப்பினீர்கள்? யாருக்கான மாதமோ அந்தப் பிள்ளைக்கு அதில் ஒரு வேலையும் வைக்கவில்லை. கோணலாக இருக்கட்டும், கிரீம் வழியட்டும், உள்ளே முட்டை ஓடு கடிபடட்டும். தன் கையால் செய்ததைத் தன் வகுப்புக்குக் கொண்டுபோகும் பிள்ளை நடக்கும் நடையே வேறு. புதுப் பள்ளியில் யாரையும் தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு அந்த நடை வேண்டும்.

இன்னொரு சாக்கும் அடிக்கடி காதில் விழுகிறது. இங்கே மாவு சரியில்லை, பேக்கிங் பவுடர் பொட்டலம் சிறியது, நம் மிக்ஸரைச் சொருகினால் புகைகிறது. மாவு சரியாகத்தான் இருக்கிறது, பையின் மேல் உள்ள எண்ணை நீங்கள் படிக்கவில்லை. ஜெர்மனியில் மாவுக்கு எண் உண்டு. நூறு கிராம் மாவை எரித்தால் எத்தனை மில்லிகிராம் சாம்பல் மிஞ்சும் என்பதை வைத்து அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். 405 என்றால் மிருதுவான வெள்ளை மாவு, கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும். 550 கொஞ்சம் உரமானது, ராணுவக் கடையான கமிசரியில் நாம் வாங்கும் பொது மாவுக்குக் கிட்டத்தில் வரும். 1050 ரொட்டிக்கு. பேக்கிங் பவுடர் பொட்டலம் ஒன்று அரைக் கிலோ மாவுக்கென்றே அளந்து கட்டியது. நம் சமையல் குறிப்பில் 350 டிகிரி என்றிருந்தால் இங்கே 175. வெண்ணெய் ஒரு குச்சி என்றால் 113 கிராம், இங்கே வெண்ணெய் 250 கிராம் கட்டியாக வரும், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. இதையெல்லாம் தராசை முன்னால் வைத்துப் பிள்ளையையே கணக்குப் போடச் சொல்லுங்கள். வகுத்தல் தானாக வரும். மிக்ஸர் விஷயம் மின்சாரம். நம் சாமான்கள் 120 வோல்ட்டுக்குச் செய்தவை, இங்கே சுவரில் வருவது 230. கனமான டிரான்ஸ்ஃபார்மரை இழுத்துக்கொண்டு அலைவதைவிட இங்கேயே ஒரு கை மிக்ஸர் வாங்கிவிடலாம். இல்லாவிட்டால் கம்பி மத்து இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கையும் இருக்கிறது.

சாக்குச் சொல்பவர்களுக்கு ஒரு புத்தகத்தை நினைவூட்டுகிறேன். 1948 ஜூனில் சோவியத் படை மேற்கு பெர்லினுக்கான தரைவழிகளை எல்லாம் அடைத்தது. மாவும் நிலக்கரியும் பால்பொடியும் விமானத்தில்தான் வந்தன. மின்சாரம் நாளில் சில மணி நேரமே. அந்த நகரத்துக்குள் அமெரிக்க அதிகாரிகளின் குடும்பங்களும் இருந்தன. அங்கிருந்த அமெரிக்கப் பெண்கள் சேர்ந்து 1949 ஜனவரியில் ஒரு சமையல் புத்தகமே போட்டார்கள். அந்த விமானப் பணிக்கு வைத்திருந்த 'ஆபரேஷன் விட்டில்ஸ்' என்ற பெயரையே புத்தகத்துக்கும் வைத்தார்கள். முற்றுகை எப்போது முடியும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஊர் திரும்பிய பிறகு சமைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கமிசரி பத்து நிமிஷத் தொலைவில் இருக்கும் நாம், சலுகை விலையில் எல்லாவற்றையும் வாங்கும் நாம், உறைந்த பீட்சாவைச் சூடுபடுத்திக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கைவேலைக்கு வருகிறேன். வெட்டுவதும் மடிப்பதும் ஒட்டுவதும் சும்மா பொழுதுபோக்கு என்று நினைக்கிறீர்கள். நீங்கள் வாழும் நாட்டில் அப்படி நினைக்காத ஒரு மனிதர் இருந்தார். ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபெல். துரிங்கியாவில் 1782-இல் பிறந்தவர், பால் மறக்கும் முன்பே தாயை இழந்தவர். 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கு ஒரு இடம் திறந்தார். இன்று உலகமெல்லாம் கிண்டர்கார்டன் என்று சொல்லும் பள்ளிகள் அதிலிருந்து வந்தவை. அங்கே காகிதம் மடிப்பதும், காகிதப் பட்டைகளைப் பாய் முடைவது போல் பின்னுவதும், களிமண் பிசைவதும், ஊசியால் தைப்பதும்தான் படிப்பு. கையால் செய்யும்போதுதான் குழந்தை உலகத்தைப் புரிந்துகொள்கிறது என்பது அவர் கொள்கை. 1851-இல் பிரஷ்ய அரசு அந்தப் பள்ளிகளைத் தடை செய்தது. மறு வருஷம் அவர் இறந்துபோனார், தடை நீங்கியதைப் பார்க்கவில்லை. நான்கு காகிதப் பட்டைகளை மடித்துப் பின்னிச் செய்யும் நட்சத்திரத்துக்கு இன்றும் இங்கே அவர் பெயர்தான்.

நட்சத்திரம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், நம் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமானது. டிசம்பரில் இங்கே தேவாலயத்திலும் வீட்டு முகப்பிலும் முள்முள்ளாக ஒளிரும் பெரிய காகித நட்சத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஹெர்ன்ஹுட் நட்சத்திரம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நீஸ்கி என்ற ஊரில் ஹெர்ன்ஹுட் என்ற கிறிஸ்தவச் சபையின் விடுதிப் பள்ளியில் வடிவியல் பாடமாகத் தொடங்கியது. சமயப் பணிக்காகப் பெற்றோர் கடல் கடந்து போய்விட, சபையின் விடுதிகளில் தங்கிப் படித்த பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெண்ட் காலத்தில் இதைச் செய்து தொங்கவிட்டார்கள். (அந்தச் சபையார் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து தோட்டம் போட்டுத் தங்கியிருந்தார்கள்.) பெற்றோர் எங்கோ பணியில் இருக்க, பிள்ளைகள் காகிதமும் பசையும் வைத்துக்கொண்டு பண்டிகையைத் தாங்களே செய்துகொண்டார்கள். நம் பிள்ளைகள் நிலைமையும் பாதி நேரம் அதுதானே? பிஎக்ஸ் கடையில் பிளாஸ்டிக் நட்சத்திரம் வாங்கி மாட்டிவிட்டுப் போகிறீர்களே, உங்களை என்ன சொல்வது?

நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். இருட்டிய பிறகு கிராமத்துப் பிள்ளைகள் எல்லோரும் விளக்குக் கூண்டைக் குச்சியில் தொங்கவிட்டுப் பாடிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். முன்னால் சிவப்புப் போர்வை போர்த்திய ஒருவர் குதிரையில் போவார். முடிவில் பெரிய நெருப்பு. இந்த பலட்டினேட் பகுதியில் பிள்ளைகளுக்குப் பிரெட்சல் ஒன்றும் கையில் கொடுப்பார்கள். எங்கள் தெருவில் ஊர்வலம் போகும்போது நம்மவர் பிள்ளைகள் ஜன்னலில் நின்று பார்க்கின்றன. ஏன் இறங்கிப் போகக்கூடாது? யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. கூண்டு செய்வதற்கு வேண்டியது வட்டமான கமாம்பேர் சீஸ் டப்பா இரண்டு, கண்ணாடி போன்ற வண்ணத்தாள், பசை, ஒரு கம்பி. டப்பாவின் விளிம்பைச் சுற்றித் தாளை ஒட்டினால் கூண்டு தயார். தாளில் உலர்ந்த இலை ஒட்டலாம், கோலம் வரையலாம். என் மகள் போன தடவை சிக்குக்கோலம் போட்டு எடுத்துக்கொண்டு போனாள், பக்கத்தில் நடந்த பிள்ளைகள் அதை எப்படிப் போடுவது என்று கேட்டார்கள். அதன் பிறகு நமக்குக் கார்த்திகை வருகிறது. அதே கூண்டை வாசலில் அகலோடு வைத்தோம். எந்தப் பண்டிகையின் விளக்கு என்று அவளுக்குக் குழப்பமே வரவில்லை.

பேஸுக்கு வெளியே இருக்கிற எல்லாவற்றையும் 'எகானமி' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். எகானமியில் பாஷை தெரியாது, பார்க்கிங் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்று வாயிலைத் தாண்டாமலே மூன்று வருஷத்தை ஓட்டும் குடும்பங்களை எனக்குத் தெரியும். பள்ளி உள்ளே, திரையரங்கு உள்ளே, பர்கர் உள்ளே. மேல்நிலைப் பள்ளி முடிக்கப்போகும் பிள்ளைக்கு ஜெர்மன் மொழியில் கடைக்காரரிடம் ஒரு ரொட்டி கேட்கத் தெரியவில்லை. ஜெர்மனியில் வளர்ந்தேன் என்று அது நாளை எப்படிச் சொல்லும்?

நான் சொன்ன முற்றுகை நடந்த அதே 1948-இல் பெர்லின் டெம்பல்ஹோஃப் விமான நிலையத்து வேலியோரம் நின்ற குழந்தைகளிடம் கெயில் ஹால்வர்சன் என்ற இளம் அமெரிக்க விமானி போய்ப் பேசினார். பையில் இருந்தது இரண்டே பட்டை சூயிங்கம். அவர்கள் அடித்துக்கொள்ளவில்லை, பிய்த்துப் பகிர்ந்தார்கள், கிடைக்காதவர்கள் உறையை முகர்ந்து பார்த்தார்கள். அதன் பிறகுதான் அவர் கைக்குட்டையைச் சிறு பாராசூட்டாகக் கட்டி அதில் மிட்டாயைத் தொங்கவிட்டு விமானத்திலிருந்து போடத் தொடங்கினார். விஷயம் பரவியதும் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிக்கோபியில் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து கைக்குட்டைகளுக்கு நூல் கட்டி அனுப்பினார்கள். ஹால்வர்சன் 2022-இல், 101 வயதில் காலமானார். அவர் வேலிப் பக்கம் நடந்து போனார் என்பதைத்தான் நான் உங்களுக்குச் சுட்டிக்காட்டுகிறேன். இன்று வேலிக்கு உள்ளே நிற்பவர்கள் நம் பிள்ளைகள். உள்ளே எல்லாம் கிடைக்கிறது, வெளியே போக மட்டும் ஆள் இல்லை. ஒரு தட்டு முறுக்கைக் கையில் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்ப எத்தனை பாஷை வேண்டும்? இந்த ஊரில் டாம்ப்நூடல் என்று ஒன்று செய்வார்கள், மூடிய பாத்திரத்தில் ஆவியில் வேகும் மாவு உருண்டை, அடியில் உப்பும் எண்ணெயுமாக மொறுமொறுவென்று பிடித்திருக்கும். உருளைக்கிழங்கு சூப்போடு சாப்பிடுவார்கள். ஆவியில் வேக வைக்கத் தெரிந்த நமக்கு அதைக் கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதும். அடுத்த வீட்டுப் பாட்டிகள் கற்றுக்கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள். போய் நின்றால் போதும்.

டிப்ளாய்மென்ட் பற்றிப் பேசாமல் விட்டால் இது முழுமையாகாது. இங்கே வந்து ஆறு மாதம் ஆகியிருக்காது, சீருடை போட்டவரை இங்கிருந்து வேறெங்கோ பணிக்கு அனுப்பிவிடுகிறார்கள். மீதிக் குடும்பம் தெரியாத நாட்டில் நிற்கிறது. எல்லோரும் ஒன்று செய்வீர்கள்: நாளுக்கொரு வளையமாகக் காகிதச் சங்கிலி கட்டி, தினமும் ஒன்றைக் கிழிக்கச் சொல்வீர்கள். சங்கிலி முடிந்தால் அப்பா வந்துவிடுவார். இதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். திரும்பும் தேதி நம் கையில் இல்லை. 2007 ஏப்ரலில் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த ராணுவத்தினரின் பணிக்காலத்தை 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டினார்கள். அன்று எத்தனை வீட்டில் சங்கிலி முடிந்தும் ஆள் வராமல் இருந்திருக்கும்? ராத்திரி யாருக்கும் தெரியாமல் வளையங்களை ஒட்டிச் சேர்த்தால், பிள்ளை கண்டுபிடித்துவிடும். அதன் பிறகு உங்கள் எந்தச் சொல்லையும் நம்பாது. கழிக்காதீர்கள், கூட்டுங்கள். போன நாளுக்கு ஒரு காகித நட்சத்திரம் மடித்து ஜாடியில் போடச் சொல்லுங்கள். எத்தனை நாள் மீதி என்பது யாருக்கும் தெரியாது, எத்தனை நாளைக் கடந்துவிட்டோம் என்பது ஜாடியில் தெரியும். திரும்பி வந்தவர் கையில் அந்த ஜாடியைக் கொடுங்கள்.

போகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஒரு கடற்படை மருத்துவரின் மனைவி, பெட்டி மோலன்பிராக், 1989-இல் தொடங்கிய அமைப்பு ஒன்று உண்டு. பணிக்குப் போகும் பெற்றோர் பிள்ளைக்குக் கதை படிப்பதைப் பதிவு செய்து வீட்டுக்குச் சேர்ப்பார்கள். 'யுனைடெட் த்ரூ ரீடிங்' என்று பெயர். அதைப் பயன்படுத்துங்கள், கூடவே தமிழிலும் ஒன்றைப் பதிவு செய்து வைத்துவிட்டுப் போங்கள். கதை வராவிட்டால் பரவாயில்லை, சப்பாத்தி மாவு எப்படிப் பிசைவது என்று சொல்லுங்கள். தண்ணீரை எப்போது ஊற்றுவது, எப்போது நிறுத்துவது என்று உங்கள் குரல் சொல்லச் சொல்ல, ஒன்பது வயதுப் பிள்ளை மாவு பிசைந்துகொண்டிருக்கும். வீடியோவில் "நல்லா இருக்கியா, நல்லா படிக்கிறியா" என்று கேட்பதோடு நின்றுவிடும் பேச்சைவிட அது நூறு மடங்கு மேல். பணியிடத்துக்குப் பார்சல் அனுப்பும்போதும் பிள்ளைகள் சுட்டதையே அனுப்புங்கள். கிரீம் உள்ளது, ஈரமுள்ளது வேண்டாம். முறுக்கு, தட்டை, நெய் பிஸ்கட் போன்ற காய்ந்த சரக்கு நாள் தாங்கும்.

அண்ணாச்சிமார்களே, உங்களைத் தனியாகக் கேட்கிறேன். கத்தரியும் பசையும் பெண்கள் சமாச்சாரம் என்று யார் சொன்னது? உங்கள் சீருடையில் பெயர்ப்பட்டை பிரிந்தால் நீங்களே ஊசி எடுத்துத் தைக்கிறீர்கள். கூடாரம் அடிக்கிறீர்கள், முடிச்சு போடுகிறீர்கள், நிலப்படம் மடிக்கிறீர்கள். இவ்வளவும் தெரிந்த கை, மகனோடு உட்கார்ந்து ஒரு அட்டைக் கூம்பைச் சுருட்ட மறுக்கிறது. ஜெர்மன் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பு சேரும் நாளில் தங்கள் உயரத்தில் பாதிக்கு ஒரு கூம்பை அணைத்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே பென்சில், மிட்டாய், பொம்மை. சாக்சனியிலும் துரிங்கியாவிலும் இருநூறு வருஷமாக இருந்து நாடு முழுக்கப் பரவிய வழக்கம். பல வீடுகளில் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து அதைச் செய்கிறார்கள். நம் பள்ளியில் அந்த வழக்கம் இல்லாவிட்டால் என்ன, வீட்டில் செய்து கொடுக்கத் தடை ஏதும் இல்லையே.

கடைசியாக, பிசிஎஸ் என்ற இடமாற்றச் சமயத்தில் நீங்கள் செய்வது எனக்குப் பொறுப்பதே இல்லை. சுமை கட்ட ஆள் வருவதற்கு முந்தின நாள் பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும்போது, அது மூன்று வருஷமாக வரைந்ததையும் ஒட்டியதையும் கறுப்புப் பையில் போட்டு வெளியே வைத்துவிடுகிறீர்கள். "குப்பை சேருது" என்கிறீர்கள். நண்பர்கள் போகிறார்கள், பள்ளி போகிறது, வீடு போகிறது, படுத்த அறை போகிறது. இருக்கப்போவது அந்தக் காகிதங்கள் மட்டும்தான். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது என்பது எனக்கும் தெரியும். பிள்ளையையே உட்கார வைத்து எது வரவேண்டும், எது போகலாம் என்று கேளுங்கள். தட்டையானவற்றை ஒரு கோப்பில் வையுங்கள், கூண்டும் கூம்பும் பிரித்து மடிக்கலாம். அந்தக் கோப்பை லாரியில் ஏற்றாமல் கைப்பையில் எடுத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள். புது ஊரில் சாமான் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். காலி வீட்டுச் சுவரில் முதல் நாளே ஒட்டுவதற்குப் பிள்ளைக்கு ஏதாவது இருக்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், உங்களுக்குப் போக வேறு இடமில்லை. ஒரு பெட்டியைப் பிரியுங்கள். இந்தியாவில் மத்தியானம் சாப்பிட்டு முடித்து ஆச்சியும் தாத்தாவும் உட்கார்ந்திருக்கும் நேரம் இங்கே காலை பத்து மணி. அவர்களைக் கூப்பிட்டு, கைபேசியை அடுப்படி மேடையில் சாய்த்து வைத்து, மாவுக்கு எவ்வளவு நெய் என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். கமாம்பேர் டப்பா காலியானால் எறிய வேண்டாம். நவம்பர் முதல் சனிக்கிழமை காலை என் வீட்டில் கூண்டு செய்கிறோம், வண்ணத்தாளும் பசையும் நான் வைத்திருக்கிறேன். பிள்ளைகளை மட்டும் இறக்கிவிட்டுப் போகிறவர்களை உள்ளே விடமாட்டேன், நீங்களும் உட்கார்ந்து ஒன்று செய்ய வேண்டும்.